மூலைக்குச் சுருங்கிய திரை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறவன் நான். மாதனூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பரணில் தினமும் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது என்று தெருவே பயந்து கிடந்தபோது, ஏணி போட்டு ஏறி, குட்டி போட்டிருந்த பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியவனும் நான்தான். அதனால் இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்குள் சிரித்து முடித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், ஒரு சொல் கூட்டவில்லை.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு சிஸ்டம் வேலை, கம்பெனி பெயர் வேண்டாம். எந்த ஆர்டருக்கு எத்தனை ஜோடிக்குத் தோல் வெட்டியாயிற்று, எத்தனை தைத்தாயிற்று, எத்தனை பெட்டியில் போட்டாயிற்று என்று பதிகிற புரோகிராம் அங்கே ரொம்பப் பழசு. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது, படம் கிடையாது, எல்லாம் எழுத்தாலேயே ஆனது, சுற்றிப் போட்டிருக்கிற கட்டம்கூட எழுத்துதான். முதலாளி மாற்ற மாட்டார், ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்கணும் என்பார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

அந்த மாதிரி புரோகிராமில் பெரிய தொல்லை, திரை குழம்புவது. திடீரென்று கட்டம் உடையும், எழுத்தின்மேல் எழுத்து ஏறும், எந்த இடத்தில் எதை அடிக்கிறோம் என்றே தெரியாது. இதற்கு நான் பார்க்கிற வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் கன்ட்ரோல் பட்டனையும் ‘எல்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைத் திரும்ப வரையச் சொல்வேன், பாதி வியாதி அதிலேயே போய்விடும். போகாவிட்டால், அடிப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று 'ரீசெட்' அடித்து என்டர் தட்டுவேன். அதற்கும் மசியாவிட்டால் அளவைப் பார்ப்பேன். திரையில் இத்தனை வரி, வரிக்கு இத்தனை எழுத்து என்று புரோகிராம் ஒன்றை நினைத்துக்கொண்டிருக்கும், எதிரில் இருக்கிற மானிட்டர் வேறாக இருக்கும், ரெண்டும் ஒத்துப்போகாவிட்டால் குழப்பம்தான். இந்த மூன்றுக்குள் அடங்காத கோளாறை நான் பார்த்ததில்லை.

சுமதியை எனக்குத் தெரியவந்ததே இந்தத் தொல்லையால்தான். தோல் வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனில் என்ட்ரி போடப் புதிதாக வந்திருந்தாள், ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி என் அறை வாசலில் நின்றாள்.

“சார், இன்னா சார் இது, கோடு இருந்த இடத்துல எல்லாம் கியூ கியூன்னு வருது? நான் ஒண்ணுமே பண்ணல சார்.”

கோடு போடுவதற்கென்று தனி எழுத்து வரிசை உண்டு, அதை மானிட்டர் மறந்துவிட்டால் படுக்கைக் கோட்டுக்குப் பதில் கியூவும் நிமிர்ந்த கோட்டுக்குப் பதில் எக்ஸும் நிற்கும் என்று கூடவே போய் விளக்கினேன்.

“அப்ப அதுக்கு மறதின்னு சொல்லுங்க. எங்க அப்பா மாதிரி.”

அந்த மாதம் மட்டும் அவள் திரை எத்தனை தடவை குழம்பியது என்று எனக்கு நினைவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒத்துக்கொண்டாள், பாதி நேரம் அவளே எதையாவது தட்டிக் குழப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

கல்யாணம் ஆகி நாலு வருஷம். வீடு சின்னது, அம்மா, தம்பி குடும்பம் எல்லோரும் ஒன்றாக, ரெண்டு பேர் தனியாக உட்கார்ந்து பேச இடம் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். செக்‌ஷனில் வேலை செய்கிறவர்கள் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சூப்பர்வைசர் மேஜையில் இன்டர்காம் இருக்கிறது, ஆனால் நாற்பது பேர் பார்க்கப் புருஷனோடு பேசுவாளா? அதனால் நான் ஒரு வேலை செய்தேன், சிஸ்டம் ஆள் செய்யக்கூடாத வேலைதான். என் திரைக்குள் அவள் வருவதற்கு ஒரு வழி செய்து கொடுத்தேன். அவள் இணைந்தால் அவள் மானிட்டரிலும் என் மானிட்டரிலும் ஒரே திரை தெரியும், ஒருவர் அடிப்பது ரெண்டு பேருக்கும் தெரியும். அந்தப் புரோகிராமில் கடைசியில் ரிமார்க்ஸ் என்று நீளமாக ஒரு கட்டம் உண்டு, கம்பெனியில் ஒருத்தரும் அதை நிரப்பியதே இல்லை. அங்கேதான் நாங்கள் பேசினோம்.

ஆங்கில எழுத்தில் நம் பேச்சை அடிப்பாள். ‘சாப்ட்டியா.’ ‘உங்க தம்பி பொண்டாட்டி மூஞ்ச தூக்கிக்கினு இருக்குது, நான் இன்னா பண்ணேன்.’ ‘சாயங்காலம் பூ வாங்கு.’ படித்தவர் அழிக்கவேண்டும், அது எங்கள் பழக்கம். அழிந்தால் படித்தாயிற்று என்று அர்த்தம். சேமிக்கிற பட்டனை மறந்தும் தட்டக்கூடாது, தட்டினால் அது ரிப்போர்ட்டில் ஏறி மேனேஜர் மேஜைக்குப் போய்விடும். நாலு வருஷம் இப்படித்தான் குடித்தனம் நடத்தினோம் என்றுகூடச் சொல்லலாம், வீட்டில் பேசியதைவிட அந்தக் கட்டத்தில் பேசியதுதான் ஜாஸ்தி. அதில் ஒரு எழுத்துகூட இன்று என்னிடம் இல்லை, எல்லாவற்றையும் நாங்களே அழித்துவிட்டோம்.

இதில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அவளுடையது பழைய சின்ன மானிட்டர், இருபத்து நாலு வரி, வரிக்கு எண்பது எழுத்து. என்னுடையது பெரியது. ரெண்டு பேர் ஒரே திரையில் இருந்தால் சின்னவருக்குத் தகுந்த மாதிரிதான் அது சுருங்கும். அவள் வந்ததும் என் திரை இடது மூலைக்கு ஒதுங்கிவிடும், மீதி இடமெல்லாம் புள்ளி புள்ளியாக நிரம்பும். சில சமயம் புரோகிராமுக்கு அந்தச் சுருக்கம் புரியாமல் கட்டம் உடைந்து குழம்பும். அவள் ஒரு எழுத்து அடிப்பதற்கு முன்பே, புள்ளி வந்துவிட்டது, சுமதி வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அன்றைக்கு மத்தியானமும் அப்படித்தான் வந்தாள். கண்டெய்னர் கேட்டில் நின்றுகொண்டிருந்தது, பேக்கிங் லிஸ்ட் பிரின்ட் எடுத்தால்தான் கிளம்பும், மேனேஜர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நிற்கிறார். திரை படக்கென்று சுருங்கியது, புள்ளிகள் வந்தன, கட்டம் உடைந்து எங்கு பார்த்தாலும் கியூவும் எக்ஸும். அந்தக் குப்பைக்கு நடுவில் அவள் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள், எழுத்து விழுவது தெரிகிறது, என்ன எழுத்து என்று தெரியவில்லை, ஏற்கெனவே இருந்த எழுத்தின்மேல் போய் விழுகிறது.

“இன்னாய்யா இது, இப்ப போய் படுத்துது?” என்றார் மேனேஜர்.

“ஒரு நிமிஷம் சார்.”

ஒரு தடவை கன்ட்ரோல் எல் அழுத்தியிருந்தால் போதும், திரை திரும்ப வரைந்திருக்கும், அவள் அடித்ததைப் படித்திருப்பேன். ஆனால் பின்னால் நிற்கிற மனிதர் அதைப் படித்துவிடுவாரே என்று எனக்குப் பயம். என்னைத் தவிர மற்ற எல்லோரையும் துண்டித்துவிடு என்று ஒரு கட்டளை இருக்கிறது, அதை அடித்து என்டர் தட்டினேன். புள்ளிகள் போயின, திரை பெரிதாகிப் பளிச்சென்று நின்றது, பிரின்ட் வந்தது, கண்டெய்னர் போயிற்று. அவள் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அடித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போய், வெறும் கறுப்பில் ‘துண்டிக்கப்பட்டது’ என்பதற்கான ஒரே ஒரு ஆங்கிலச் சொல். அவள் திரும்ப இணையவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள், தொட்டால் கொதிக்கிறது. மத்தியானமே கேட் பாஸ் வாங்கிக்கொண்டு தனியாக பஸ் பிடித்து வந்திருக்கிறாள்.

“மத்தியானம் இன்னா அடிச்ச? திரை குழம்பிடுச்சு, படிக்க முடியல” என்றேன்.

“ஒண்ணும் இல்ல, விடு. கண்டெய்னர் போச்சா?”

போயிற்று என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு என்று எனக்கு அப்போது யார் சொல்வது? விடியும்போது அவளுக்கு நினைவு தடுமாறிவிட்டது, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், மூணாவது நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காய்ச்சல்தான், வெறும் காய்ச்சல், ரத்தத்தில் இறங்கிவிட்டது என்றார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

காரியத்துக்கு வந்த அவளுடைய சூப்பர்வைசர் அக்கா சொன்னதுதான் என்னை முடித்தது. “தலய புடிச்சிக்கினு உக்காந்துச்சு தம்பி. உங்கள கூப்புடவான்னு கேட்டேன். வேணாங்க்கா, அவருக்கு சொல்லிட்டேன், வருவாருன்னு சொல்லிச்சு. கொஞ்ச நேரம் வாசலையே பாத்துக்கினு இருந்துது, அப்புறம் கேட் பாஸ் குடுங்கன்னு கேட்டுது.”

அவள் அடித்தது என்ன? வா என்று அடித்தாளா, முடியவில்லை என்று அடித்தாளா, அது ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தாகவேண்டும். சோற்றில் கை வைத்தால் அதுதான், படுத்தால் அதுதான். சர்வரைத் தோண்டித் துருவிப் பார்த்தேன், பழைய பேக்கப் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன், சேமிக்காத வரி எங்கே இருக்கும்? அவள் கம்ப்யூட்டரை வேறொருத்தர் தொடுவதைப் பார்க்க முடியாமல் நானே கழற்றினேன், ஹார்ட் டிஸ்க்கை உருவி என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, பெட்டியையும் மானிட்டரையும் ஸ்கிராப்புக்கு அனுப்பினேன். கட்டிங்குக்குப் புது மெஷின் போட்டேன், அது வேறு அளவு. எண்பதுக்கு இருபத்து நாலு என்கிற அளவு அதற்கப்புறம் கம்பெனியில் எங்கேயும் கிடையாது, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது, கம்பெனிக்கு லீவ், ஜெனரேட்டரும் போடவில்லை. யாரும் இல்லாத நாளில் முழு பேக்கப் எடுத்துவிடலாம் என்று நான் மட்டும் போனேன். என் அறைக்கு மட்டும் யுபிஎஸ் பேட்டரி இருக்கிறது, அதில் சர்வரும் என் மானிட்டரும் ஓடும், மற்றபடி கம்பெனி முழுக்க ஒரு பல்புகூட எரியாது, கட்டிங்குக்குப் போகிற நெட்வொர்க் பெட்டியும் செத்துதான் கிடக்கும். கேட்டில் செக்யூரிட்டி நசீர் பாய், உள்ளே நான். பட்டப்பகல், பதினோரு மணி இருக்கும், ஜன்னல் வழியாக வெயில் கீபோர்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எதையோ சரிபார்க்க அந்தப் பழைய புரோகிராமைத் திறந்து வைத்திருந்தேன்.

திரை சுருங்கியது. இடது மூலைக்குப் போய் நின்றது, மீதி இடம் முழுக்கப் புள்ளி.

நம்பினால் நம்புங்கள், எனக்கு முதலில் பயமே வரவில்லை, வேலைப் புத்திதான் வந்தது. கன்ட்ரோல் எல் அழுத்தினேன், புள்ளி போகவில்லை. ரீசெட் அடித்தேன், ஒரு கணம் வெளுத்து அப்படியே திரும்ப வந்தது. அளவைக் கேட்டேன், எண்பது, இருபத்து நாலு என்றது. இந்தத் திரையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற கட்டளையை அடித்தேன். ரெண்டு வரி வந்தது. ஒன்று நான். இன்னொன்று கட்டிங், ஸ்கிராப்புக்குப் போய்விட்ட அவள் பழைய மெஷினுக்கு நான் வைத்த பெயர், அதன் ஹார்ட் டிஸ்க் என் டிராயரில் கிடக்கிறது.

நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று தெரியும். பழைய இணைப்பு அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்திருக்கும், அதுதானே? நானும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்த ஏழு மாதத்தில் சர்வரை நானே எத்தனையோ தடவை அணைத்துப் போட்டிருக்கிறேன், அன்று காலையில்கூட அணைத்துப் போட்டேன், எதுவும் தொங்கிக்கொண்டிருக்க வழியில்லை. அதோடு, தொங்குகிற இணைப்பு நகராது. என் கை மடியில் இருக்கும்போது திரையில் கர்சர் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது, ஆர்டர் எண், தோல், ஜோடி, கடைசியில் ரிமார்க்ஸுக்கு வந்து நின்று மினுக்கியது.

எனக்கு ஏழு மாதம் அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. அவள் அடிப்பாள் என்று காத்திருந்தேன். யுபிஎஸ் இடைவிட்டு இடைவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது, பேட்டரி கம்மியாகிக்கொண்டு வருகிறது, அது தீர்ந்தால் எல்லாம் அணைந்துவிடும். கர்சர் மினுக்கியதே தவிர ஒரு எழுத்தும் விழவில்லை. பொறுக்க முடியாமல் நானே அடித்தேன்.

‘அன்னிக்கு இன்னா அடிச்ச?’

கையை எடுத்துவிட்டேன், ரெண்டு கையையும் தூக்கி மேஜைக்கு வெளியே வைத்துக்கொண்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கடைசி எழுத்து போயிற்று. நிறுத்தம். அதற்கு முந்தின எழுத்து. மறுபடியும் நிறுத்தம், அதற்குள் யுபிஎஸ் ரெண்டு தடவை கத்திவிட்டது. இப்படியே ஒவ்வொன்றாக, முழு வரியும் போகிறவரைக்கும் நான் மூச்சை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டம் காலியானது. பதில் வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். புள்ளிகள் மறைந்தன, திரை பெரிதாகிப் பளிச்சென்று நின்றது. கட்டளையை அடித்துப் பார்த்தேன், ஒரே வரி, நான் மட்டும்தான். நான் துண்டிக்கவில்லை, அவளாகவே போய்விட்டாள்.

எப்படிக் கீழே இறங்கினேன் என்று தெரியவில்லை. நசீர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். கட்டிங் செக்‌ஷனைத் திறக்கச் சொன்னேன். பூட்டு போட்டது போட்டபடி இருந்தது, சாவி அவர் இடுப்பில். உள்ளே கும்மிருட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம், அவள் உட்கார்ந்த இடத்தில் வெட்டுக் கத்திகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

“யாரும் இல்ல தம்பி, காலையிலேர்ந்து ஒரு ஈ காக்கா வரல. இன்னா ஆச்சு சொல்லுங்க” என்றார்.

அவரிடம் சொன்னேன், முழுக்கச் சொன்னேன். மனிதர் சிரிக்கவில்லை. படியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

“அழிச்சதுனா படிச்சிட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் அழுவுறீங்க? மனசுல ஒண்ணும் வெச்சிக்காம போய்ட்டாங்கன்னு எடுத்துக்குங்க” என்றார்.

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் நானும் பார்க்கிறேன், சில நாள் முடிகிறது. வந்த அந்த நாலு நிமிஷத்தில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேனா, மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை அடித்தேனா, என் மனசு ஆறவேண்டும் என்று எனக்கு வேண்டியதைத்தான் கேட்டேன், சில நாள் இதை நினைத்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். அதையும்கூடத் தாங்கிக்கொள்வேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது, பாயிடம்கூடச் சொல்லவில்லை. சுமதி அழிக்கிற வேகம் எனக்குத் தெரியும். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து முழு வரியையும் சர்ரென்று துடைத்துவிடுவாள், ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிற பொறுமை அவளுக்கு என்றைக்கும் கிடையாது. அன்றைக்கு அழித்தது விரலைத் தூக்கவே முடியாத ஒருத்தர். ஒரு எழுத்தை அழித்துவிட்டு, கொஞ்சம் படுத்து, திரும்ப எழுந்து அடுத்த எழுத்தை அழித்த மாதிரி. எதை வேண்டுமானாலும் நம்பத் தயாராக இருக்கிறேன், இது ஒன்றை மட்டும் யாராவது இல்லை என்று சொல்லுங்கள், அவளுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லையா?